ஆயக்கட்டுக்கு ஒரு வேலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மயிலும் காட்டுப்பன்றியும் வெள்ளாமையை அழிக்கின்றன. சுட அனுமதி கொடுங்கள், இல்லாவிட்டால் நட்ட ஈடு கொடுங்கள் என்ற குரல் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் ஓயாமல் ஒலிக்கிறது. உங்கள் நாளிதழிலும் அது செய்தியாக வருகிறது. கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் சுடுவதற்கும் நட்ட ஈட்டுக்கும் நடுவில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அது செட்டிநாட்டு நிலத்துக்கு ஏற்றபடி எங்கும் எழுதப்படவில்லை என்பதால் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கிறது. இடம் போதாவிட்டால் மயிலையும் குரங்கையும் சுருக்கிக்கொள்ளுங்கள். மின்வேலிப் பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம். அது அரைகுறையாக அச்சானால் ஆளைக் கொன்றுவிடும்.

மேற்கு மலையடிவாரத்தில் பன்றி காட்டிலிருந்து இறங்குகிறது. நம் பக்கம் அதற்குக் காடே தேவையில்லை. கண்மாய் உள்வாயில் மண்டிக் கிடக்கும் வேலிக்கருவைதான் (சீமைக்கருவேல்) அதன் பகல் படுக்கை. நிழல், சேறு, யாரும் நுழைய முடியாத முள், கோடையில் தின்ன இனிப்பான கருவைக்காய், எல்லாம் ஒரே இடத்தில். இருட்டியதும் மடையோரமாகவோ கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்) வழியாகவோ ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்தில் இறங்கி, விடியுமுன் ஏறிவிடுகிறது. அதாவது விலங்கு வருகிற திசை நமக்குத் தெரியும். நாம்தான் அந்தத் திசையை விட்டுவிட்டு, அவரவர் வயலைச் சுற்றி அவரவர் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சுடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவுப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம்; அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம். செய்யட்டும். ஆனால் ஒரு பெட்டைப் பன்றி ஒரு ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டி போடும். படுக்கையும் தீனியும் அப்படியே இருந்தால் காலியான இடம் விரைவில் நிரம்பிவிடும். மயிலுக்கு அந்தப் பேச்சே இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நெல்லில் குருணை மருந்தைக் கலந்து வரப்பில் வைப்பவர்கள் ஒன்றை அறியவேண்டும். அதற்குப் பயன்பட்ட போரேட் குருணை 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. வைத்தால் மயில் மட்டும் சாவதில்லை; மேய வந்த கோழி, நாய், கால்வாய்த் தண்ணீர் குடிக்கும் ஆடு எல்லாம் சேர்ந்து சாகும். பன்றிக்கு வைக்கும் வெடியைப் பசு கடித்துத் தாடை சிதறுவதும் அப்படித்தான்.

இனி வேலிக் கணக்கு. ஒரு ஏக்கரைச் சதுரமாக வைத்துக்கொண்டால் சுற்றளவு சுமார் 254 மீட்டர். 60 ஏக்கர் ஆயக்கட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஏக்கர் வாரியாகக் கட்டினால் மொத்தம் 15 கி.மீ.க்கு மேல் வேலி. அதே 60 ஏக்கரை ஒரே கட்டாகச் சுற்றினால் 2 கி.மீ.க்குள் முடியும். ஏக்கருக்கு 33 மீட்டர்தான் விழுகிறது, எட்டில் ஒரு பங்கு. ஆயக்கட்டு எங்கும் சதுரமாக இருக்காது. கோணல் மாணலுக்கு இன்னொரு கால் பங்கு சேர்த்தாலும் இரண்டரை கி.மீ. தனி வேலிக்கு இன்னொரு கேடும் உண்டு. கட்டியவர் வயலைச் சுற்றிப் போகும் பன்றி, கட்டாதவர் வயலில் இரண்டு மடங்கு உழும். பிறகு ஊருக்குள் சண்டைதான் மிச்சம். மஞ்சுவிரட்டுக்குத் தலைக்கட்டு வரி போடத் தெரிந்த ஊருக்கு, ஏக்கர் வரி போட்டு ஒரு வேலி போடத் தெரியாதா? பாசனதாரர் சங்கம் இருக்கிற கண்மாயில் அதன் கணக்கிலேயே இதையும் வைக்கலாம்.

என்ன வேலி? திருட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேராக விடுவது வேலியே இல்லை. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் இடைவிடாமல் பாயும். தொட்ட கை சுருண்டு கம்பியையே இறுகப் பிடிக்கும். ஒரு பல்பைத் தொடரில் போட்டுவிட்டால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். 100 வாட் பல்பு வழியாக 0.4 ஆம்பியர் வரை போகும். இதயம் நிற்க 0.1 ஆம்பியரே அதிகம். ஒவ்வொரு ஆண்டும் பன்றிக்கு வைத்த கம்பியில் பக்கத்து வயல்காரர் சாவது இப்படித்தான்.

சூரிய மின்வேலியில் கம்பிக்கு மின்துடிப்பை அனுப்பும் கருவியான விசையூட்டி (எனர்ஜைசர்) வேலை செய்யும் முறை வேறு. சுமார் ஒரு விநாடிக்கு ஒருமுறை, கண் இமைப்பதிலும் மிகக் குறைந்த நேரத்துக்கு, 5,000 முதல் 8,000 வோல்ட் துடிப்பு ஒன்றை அனுப்பும். அடி பலமாக விழும். ஆனால் இரண்டு துடிப்புக்கும் இடையில் உடம்பு விலகிக்கொள்ள நேரம் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய முத்திரை உள்ள விசையூட்டியை மட்டுமே வாங்க வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் வண்டியின் இக்னிஷன் காயிலை வைத்துச் செய்து தருவதை வாங்கவே கூடாது. அதில் துடிப்பின் நேரத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. காப்புக்காட்டிலிருந்து 5 கி.மீ.க்குள் போடுவதானால் 2023-இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவும் அனுமதியும் வேண்டும்.

இரண்டு கி.மீ. சுற்றுக்குப் பொருள்: 2 முதல் 3 ஜூல் விசையூட்டி ஒன்று, 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி பேட்டரி, 40 வாட் சோலார் தகடு, இரண்டரை மில்லிமீட்டர் துத்தநாகம் பூசிய கம்பி இரண்டு வரிசைக்கு 4 கி.மீ. (எடை சுமார் 155 கிலோ), 5 மீட்டருக்கு ஒன்றாக 400 ஊன்றுகால், மூலைகளுக்குக் கல்தூண். முள்கம்பியில் மின்சாரம் விடக் கூடாது. மாட்டியவர் விடுபட முடியாது. இன்சுலேட்டருக்குப் பதில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றுகிறார்கள். சித்திரை வெயில் இரண்டு பார்த்தால் அது வெடித்துவிடும், முதல் மழையில் மின்சாரம் முழுக்கத் தூண் வழியாக இறங்கிவிடும். பீங்கான், அல்லது வெயில் தாங்கும் பிளாஸ்டிக் இன்சுலேட்டர் போட வேண்டும்.

கம்பி உயரம்தான் பாதி வேலை. பன்றியின் முடியும் தோலும் மின்சாரத்தை எளிதில் விடாது. அதன் ஈர மூக்குதான் படவேண்டும். கீழ்க்கம்பி தரையிலிருந்து 8 அங்குலம், மேல்கம்பி 18 அங்குலம். கீழ்க்கம்பியை இன்னும் தாழ்த்தினால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்க வேண்டாம்; அழுங்கும் (எறும்புதின்னி) ஆமையும் அடி பட்டதும் ஓடாமல் அதே இடத்தில் ஒடுங்கிக் கிடந்து, அடுத்தடுத்த துடிப்பில் சாகும். இன்னொன்று, பன்றி வேகமாக ஓடி வந்து முதுகில் அடி வாங்கினால் முன்னுக்குத்தான் பாயும், வயலுக்குள். அதனால் வேலி போட்ட முதல் இரண்டு வாரம் கம்பியில் மூன்று மீட்டருக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டிவிட வேண்டும். நின்று முகர்ந்து பார்க்கும், மூக்கில் அடி விழும், திரும்பிப் போகும்.

நம் பக்கத்தில் இந்த வேலி தோற்பதற்கு முதல் காரணம் எர்த். செம்புறை மண் கோடையில் ஓடு மாதிரி காய்ந்துவிடும், மின்சாரம் திரும்பிவர ஈரம் இருக்காது. ஆறடி துத்தநாகம் பூசிய கம்பி மூன்றை, பத்தடி இடைவெளியில், மடைக்குக் கீழே வாய்க்காலோரம் ஈரம் நிற்கும் இடத்தில் இறக்க வேண்டும். விசையூட்டி எங்கே இருந்தாலும் எர்த் அங்கே இருக்கட்டும். இடையில் கம்பி இழுத்துக்கொள்ளலாம். வீட்டு எர்த்துக்கும் மின்வாரியத்தின் எர்த்துக்கும் 10 மீட்டராவது தள்ளியிருப்பது கட்டாயம். சோதிக்கும் முறை இது: விசையூட்டியை நிறுத்திவிட்டு, 100 மீட்டர் தள்ளி நான்கைந்து இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி வேலிமேல் சாய்த்துவிட்டு, மறுபடி ஓடவிட்டால் வேலியில் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். அப்போது எர்த் கம்பியில் 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை. இன்னும் இரண்டு கம்பி இறக்குங்கள்.

அடுத்த காரணம் புல். ஐப்பசி மழைக்குப் பிறகு பத்து நாளில் அருகம்புல்லும் கோரையும் கீழ்க்கம்பியைத் தொட்டுவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கம்பிக்கு அடியில் ஒரு அடி அகலத்துக்குச் செதுக்க வேண்டும். வேலியின் கடைக்கோடியில் 4,000 வோல்ட்டுக்குக் குறைந்தால் பன்றி பொருட்படுத்தாது. நீர்பாய்ச்சுகிறவர் கையில் ஒரு வேலி மீட்டரைக் கொடுத்து, தினம் அந்தியில் கடைக்கோடி வோல்ட்டைக் குறித்து வைக்கச் சொன்னால் போதும். அவர் எப்படியும் அந்த வழியில் நடக்கிறவர். மாலை 6 முதல் காலை 6 வரை ஓடினால் போதும், ஆனால் ஒரு ராத்திரிகூட விடக் கூடாது. ஒரு தடவை செத்த கம்பியைத் தாண்டிய கூட்டம் மறுநாளும் வந்து பார்க்கும். வேலி ஆயக்கட்டைச் சுற்றி மட்டும்தான்; கண்மாயையும் சேர்த்து அடைத்து விலங்கின் தண்ணீரை மறித்துவிட வேண்டாம். கண்மாயின் நீர்வரத்துப் பக்கம் திறந்தே இருக்கட்டும்.

வேலி போடுவதோடு கருவையையும் அகற்ற வேண்டும். மொத்தக் கண்மாயையும் ஒரே கோடையில் மொட்டையடிக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் பன்றி பக்கத்து ஊர்க் கண்மாய்க்குப் போகும், அவ்வளவுதான். கரையை ஒட்டி உள்வாயில் 30 மீட்டர் அகலத்துக்கு முதலில் வெட்டவெளி ஆக்கினால், அந்த இடத்தைக் கடக்கப் பன்றி தயங்கும். அரிவாளால் வெட்டினால் ஒரு தூருக்குப் பத்துக் கிளையாகத் தழைக்கும். தூரோடு பெயர்க்க வேண்டும். பெயர்த்த இடத்தை மறு மழைக்கு முன் உழுது, முளைத்த கன்றைப் பிடுங்க வேண்டும். கரைமேல் நிற்கும் மரத்தை எந்திரம் வைத்துப் பிடுங்கினால் கரை வாயைப் பிளக்கும். அதைக் கையால் வெட்டி, குழியில் மண் போட்டுக் கெட்டிக்க வேண்டும். செலவுக்குக் கரிமூட்டக்காரர்கள் இருக்கிறார்கள். விறகு விலைக்கே வெட்டித் தருவார்கள், ஆனால் தூரை விட்டுவிட்டுப் போவார்கள். ஒப்பந்தத்தில் தூரைச் சேர்த்து எழுதுங்கள். நாட்டுக்கருவை மரங்களைத் தொடக் கூடாது. பறவைகள் கூடு கட்டுவது அவற்றில்தான்.

மயிலுக்கு மின்வேலி ஒன்றும் செய்யாது. அதற்கு முதல் மருந்து நாள்காட்டி. புழுதி விதைப்பில் நெல் மழையை எதிர்பார்த்து நாள் கணக்கில் மண்ணில் கிடக்கிறது. ஆவணியில் முந்தி விதைத்த ஒருவர் வயலில் சுற்றுவட்டார மயில் அத்தனையும் இறங்கும். ஆயக்கட்டு முழுக்க ஒரே வாரத்தில் விதைத்தால் அதே சேதம் அறுபது ஏக்கருக்குப் பரவி, ஒருவர் தலையிலும் விழாது. கையால் வீசி உழுவதைவிட விதைப்புக் கருவியால் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் போட்டு மூடினால் மேலே தெரியும் விதையே குறையும். கடலைக்கும் இதுதான், முளைத்து இரண்டு வாரம் தாண்டிவிட்டால் மயிலின் தொல்லை பெரிதும் ஓயும். பிறகு காய் பிடிக்கும்போது வருவது பன்றி.

அந்த இரண்டு வாரத்துக்கு மினுமினுப்பு ரிப்பன் போதும். ஒருபக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளி, ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. அகலம். கிளிக்குக் கட்டுவதுபோல் பயிருக்கு மேலே மட்டும் கட்டினால் மயில் அடியில் நடந்து வந்துவிடும். அது வரப்பில் இறங்கி நடந்து நுழைகிற பறவை. எனவே ஒரு அடி உயரத்தில் ஒன்று, இரண்டரை அடியில் ஒன்று. பத்து மீட்டருக்கு ஒரு குச்சி. குச்சிக்குக் குச்சி மூன்று நான்கு முறுக்கு. முறுக்கில்லாவிட்டால் மின்னாது, காற்றில் இரையவும் செய்யாது. வடக்கு தெற்காக இழுத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் பளிச்சிடும். மயில் வருவதும் அந்த இரு வேளைதான். விதைப்புக்கு மறுநாள் கட்டி, தேவை தீர்ந்ததும் அவிழ்த்துச் சுருட்ட வேண்டும். அறுப்பு வரை தொங்கவிட்டால் மயில் அதன்மேலேயே உட்காரப் பழகிக்கொள்ளும்.

பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவதைச் சிலர் சிரிப்பாகப் பார்க்கிறார்கள். வேலை செய்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் மயில் தலையை நீட்டத் தயங்கும். சேலையின் கீழ் விளிம்பு தரையைத் தொட வேண்டும், அடி விளிம்பில் மண் அணைக்க வேண்டும். மீன்வலை மட்டும் வேண்டாம். அதில் மயில் சிக்குவதற்கு முன் சாரைப்பாம்பும் உடும்பும் சிக்கும்; வயலில் எலி பிடிக்க ஆள் இருக்காது.

சத்தம் போடும் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி: ஒரே இடத்தில் ஒரே சத்தம் ஒரு வாரம் ஒலித்தால் விலங்குக்கு அது ஊர்ச் சத்தம் ஆகிவிடும். இடமும் சத்தமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், பயிர் தப்பவேண்டிய பத்துப் பதினைந்து நாளில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பிவிசி குழாயில் கார்பைடு போட்டு வெடிப்பது கண்ணைக் கருக்கிவிடும். குழாய்க்குள் எட்டிப் பார்க்கும்போதுதான் பெரும்பாலும் வெடிக்கும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைச் சுற்றி இந்த வெடி எதுவும் ஆகாது. 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கண்மாய்ப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை.

மானுக்கு முட்டைக் கரைசல். 12 முட்டையை உடைத்து, வெள்ளைக்கருவில் இருக்கும் கெட்டி நூலை எடுத்துவிட்டு (எடுக்காவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும்), ஒரு பங்கு முட்டைக்கு நான்கு பங்கு தண்ணீர் என்ற கணக்கில் அடித்துக் கலக்கி, வரப்போரம் மூன்று நான்கு வரிசைப் பயிர்மேல் தெளிக்க வேண்டும். நமக்கு நாற்றம் தெரியாத அளவிலேயே மானுக்குத் தெரியும். சாதாரணமாக ஒரு மாதம் நிற்கும். புதிதாக விட்ட தளிரில் மருந்து இருக்காது என்பதால் வளரும் பயிருக்கு இடையில் மறுபடி தெளிக்க வேண்டும். பறித்துத் தின்னும் கீரை, காய்மேல் இது வேண்டாம்.

சிங்கம்புணரித் தென்னங்கயிற்றில் மிளகாய்ப்பொடி பூசி வரப்பைச் சுற்றி ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஒரு அடி இடைவெளியில் மூன்று வரிசை கட்டுவதும் பன்றிக்குச் சில நாள் பிடிக்கும். பொடி ஒட்டுவதற்குக் கழிவு என்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்கள். அது அடுத்த மழையில் கண்மாய்த் தண்ணீரோடு கலக்கும். வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினால் போதும். எப்படிப் பூசினாலும் மழைக்கு மறுநாள் திரும்பப் பூச வேண்டும். மின்வேலி வரும்வரை ஒரு தாங்கல், அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

நிரந்தர வேலி வேண்டும் என்பவர்களுக்கு நம் முன்னோர் உயிர்வேலியாக வைத்த கிளுவை மரம் இருக்கிறது. மணிக்கட்டுப் பருமனில் ஐந்தடிப் போத்துகளை (நடுவதற்கான கிளைத்துண்டுகளை) ஆடியில் வெட்டி, வெட்டுவாய் காய நாலைந்து நாள் நிழலில் போட்டு, ஒரு அடி ஆழத்தில் அரையடிக்கு ஒன்றாக நட்டால் மழைக்கு வேர் பிடிக்கும். இரண்டு மூன்று ஆண்டில் இடைவெளி அடையும். அதுவரை அடியில் பனங்கருக்கு (பனைமட்டை) வைத்து அடைக்கலாம்.

குரங்கு வேறு கதை. குன்றக்குடி, பிரான்மலை போன்ற இடங்களில் பொரியும் வாழைப்பழமும் கையில் கொடுக்கிற வரை அதைப் பிடித்து வேறெங்கோ விடுவதால் பயனில்லை. விட்ட இடத்து ஊருக்குத் தொல்லை போகும், விட்டுவந்த இடத்தில் புதுக்கூட்டம் ஏறும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு: வளவுக்கு (நடுமுற்றத்துக்கு) மேல் கிடக்கும் கம்பிக் கிராதியில் குட்டி நுழையாதபடி ஒன்றரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைச் சேர்க்க வேண்டும். கூரைக்குப் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் வரும் கிளையைக் கழிக்க வேண்டும். பயன்படாத கேபிள் ஒயரை அறுத்தெறிய வேண்டும், அதுதான் அதன் பாலம். தண்ணீர்த் தொட்டி மூடியைக் கம்பியால் கட்டிவிட்டால், தண்ணீர் தேடி ஏறி ஓட்டைப் புரட்டுவது குறையும்.

கோடையில் மானும் பிரான்மலைப் பக்கக் காட்டுமாடும் விழுந்து சாவது கைப்பிடிச் சுவர் இல்லாத வயல் கிணறுகளில். நாலடி உயரக் கல்சுவர் ஒன்றே வழி. தூர்ந்த கிணற்றை மூடிவிடலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது மாவட்ட நிர்வாகத்துக்கு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காட்டு விலங்குச் சேதம் 2026 காரிப் பருவம் முதல் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இடக்குறியோடு எடுத்த படத்துடன், காப்பீட்டுச் செயலியில் பதிய வேண்டும். ஆனால் எந்த விலங்கு, எந்த மாவட்டம் அல்லது காப்பீட்டு அலகு என்ற பட்டியலை மாநில அரசுதான் அறிவிக்க வேண்டும். மலை மாவட்டங்கள் தாமாகவே பட்டியலில் ஏறிவிடும். கண்மாய்க் கருவைக்குள் பன்றி வளர்க்கும் சிவகங்கையும் புதுக்கோட்டையும் விடுபட்டுப் போகும் ஆபத்து இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரகத்திலும் கொடுத்த சேத மனுக்களைக் கண்மாய் வாரியாகத் தொகுத்து இப்போதே அனுப்பினால்தான் இடம் கிடைக்கும். விவசாயிகளும் அறுத்து முடித்த பிறகு மனு எழுத வேண்டாம். பயிர் நிற்கும்போதே, குளம்படி தெரிய, பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன வாசகர்கள் சிலர்,
திருப்பத்தூர் வட்டம், சிவகங்கை மாவட்டம்.